ரேஷன் பயத்தைப் போக்கிய ரபி அகமது கித்வாய்

மும்பையில் வடாலா, சிவ்ரி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் கித்வாய் சாலை வழியாகத்தான் போய் வருகிறார்கள். கொல்கத்தாவில் பழைய வெல்லெஸ்லி தெருவுக்கும் இப்போது அதே பெயர்தான். டில்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள் பல தலைமுறை குடியிருந்த குவார்ட்டர்ஸ் கித்வாய் நகர். பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

பெயர் தெரியும், ஆளைத் தெரியாது. ஆஸ்பத்திரியின் பெயரை வைத்து அவர் ஒரு பெரிய டாக்டர் என்று நினைப்பவர்களும் உண்டு. ரபி அகமது கித்வாய் டாக்டர் அல்ல. வக்கீல் படிப்பைக்கூடப் பாதியில் விட்டவர். 1952 மே மாதத்தில் இருந்து 1954 அக்டோபர் வரை, இரண்டரை ஆண்டுகூட முழுசாக இல்லை, இந்தியாவின் உணவு மந்திரியாக இருந்தார். அவர் பதவி ஏற்றபோது நாடு ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியபோது அந்த வரிசை கலைந்திருந்தது.

இது எப்படி நடந்தது என்பது சோறு தின்னும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மசௌலி கிராமத்துப் பிள்ளை

ஐக்கிய மாகாணம் (இன்றைய உத்தரப் பிரதேசம்) பாராபங்கி ஜில்லாவில் மசௌலி என்ற கிராமத்தில் 18-2-1894 அன்று பிறந்தார். தகப்பனார் இம்தியாஸ் அலி நடுத்தர ஜமீன்தார். சர்க்கார் உத்தியோகமும் பார்த்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்த பிள்ளையைப் பாராபங்கியில் வக்கீலாக இருந்த சிற்றப்பா விலாயத் அலி தம் வீட்டில் வைத்து வளர்த்தார். அரசியல் பேச்சும் பத்திரிகை வாசிப்பும் நிறைந்த வீடு அது.

அலிகாரில் படித்து 1918ல் பி.ஏ. முடித்தார். சட்டப் படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் வந்தன. படிப்பை உதறிவிட்டுச் சிறை புகுந்தார். வெளியே வந்தபின் அலகாபாத் சென்று மோதிலால் நேருவின் அந்தரங்கக் காரியதரிசியானார். 1926ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாக இருந்தார். மேடையில் முழங்கும் ஆள் அல்ல. யாரை எங்கே பார்த்துப் பேசினால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர். கடைசிவரை அவருடைய வழி அதுதான்.

1930ல் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ரேபரேலி ஜில்லாவுக்குப் போனார். விளைச்சலுக்கு விலை விழுந்து, குத்தகை கட்ட வழியில்லாமல் தவித்த குடியானவர்களைத் திரட்டிக் குத்தகை கொடாமை இயக்கம் நடத்தினார். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, ஜமீன்தாருக்குக் குத்தகை கட்டாதே என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். மறுபடியும் சிறை.

1937ல் கோவிந்த வல்லப பந்த் மந்திரிசபையில் வருவாய் மந்திரி. அந்த ஆட்சியில் தயாரான 1939ம் ஆண்டுக் குத்தகைச் சட்டம், சாகுபடி செய்கிறவனுக்குப் பரம்பரையாக நிலத்தில் இருக்கும் உரிமையைக் கொடுத்தது. அதிகாரிக்குப் பயந்தவன் விளைச்சலை எப்படி மறைப்பான், கிராமக் கணக்கில் எழுதியிருப்பதற்கும் களத்தில் குவிந்திருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல.

1947 பிரிவினைக் கலவரத்தில் அவருடைய தம்பி ஷபி அகமது கித்வாய் கொல்லப்பட்டார். மசூரி நகரசபை நிர்வாகியாக இருந்தவர் அவர். குடும்பத்தில் இப்படி ஒரு இடி விழுந்தும் ரபி சாகிப் இந்த நாட்டைவிட்டு அசையவில்லை.

ராத்திரியில் பறந்த தபால்

சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபையில் அவருக்குக் கிடைத்தது தபால், தந்தி உள்ளிட்ட போக்குவரத்துத் தொடர்பு இலாகா. ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய காரியம் ஒன்று அப்போது நடந்தது.

1949 ஜனவரி கடைசியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் இருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாகபுரியில் கூடும். அங்கே தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவை தத்தம் ஊர் திரும்பிவிடும். அதே ஆண்டு ஏப்ரலில் இருந்து உள்நாட்டுக் கடிதங்களைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே விமானத்தில் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன் ரயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து வந்த கடிதம் மறுநாளே கைக்குக் கிடைத்தது. ராத்திரியில் விமானம் ஓட்டுவது ஆபத்து என்று தடுத்தவர்கள் அன்று நிறையப் பேர். கித்வாய் கேட்கவில்லை.

1951ல் காங்கிரசை விட்டு விலகி ஆசார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குப் போய், சீக்கிரமே திரும்பியும் வந்தார். அந்த அரசியல் சண்டையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1952 தேர்தலில் பகராய்ச் தொகுதியில் ஜெயித்து வந்தவரிடம் நேரு கொடுத்தது உணவு, விவசாய இலாகா. அன்று யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத இலாகா அது.

ஒன்பது அவுன்ஸ் நாடு

அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தத்துக்கு முன் ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ஐராவதி டெல்டாவில் நம் செட்டியார்கள் கொடுத்த கடனில் காடு திருத்தி விளைந்த அரிசி அதில் ஏராளம். 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. 1943ல் வங்காளப் பஞ்சம். சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அதே ஆண்டு பம்பாய் நகரத்துக்கு ரேஷன் வந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. 1947ல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபின் கோதுமை வயல்களும் சிந்து நெல் வயல்களும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன.

கட்டுப்பாடு என்பது ரேஷன் கார்டு மட்டும் அல்ல. குடியானவன் தன் விளைச்சலில் சர்க்கார் சொன்ன அளவை, சர்க்கார் சொன்ன விலைக்கு லெவியாகக் கொடுக்க வேண்டும். ஒரு ஜில்லாவில் இருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோகப் பெர்மிட் வேண்டும். ரயிலில் மடியில் கட்டிக்கொண்டு நாலு படி அரிசி கொண்டுபோன பெண்பிள்ளைகள் ஸ்டேஷனில் பிடிபட்டு அழுதார்கள். கல்யாண வீட்டில் எத்தனை பேருக்கு இலை போடலாம் என்பதற்கும் உத்தரவு இருந்தது.

இத்தனை செய்தும் சோறு கிடைத்ததா என்றால், இல்லை. 1951 ஜனவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்ஸ் என்றிருந்த தானியம் 9 அவுன்ஸாகக் குறைந்தது. 9 அவுன்ஸ் என்பது சுமார் 255 கிராம். அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்து இரண்டு ஆழாக்குகூட வராது. மூட்டை தூக்குகிறவனுக்கு அது ஒரு வேளைக்குக் காணாது. அந்த ஆண்டு வெளிநாட்டில் இருந்து 47, 48 லட்சம் டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் கோதுமைக்காக 19 கோடி டாலர் கடன் வாங்கினோம். 1951க்குள் தானிய இறக்குமதியை நிறுத்திவிடுவோம் என்று சர்க்கார் முன்பே அறிவித்திருந்தது. அந்த ஆண்டில்தான் இந்தக் கதி.

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி புதிது அல்ல. காந்தியடிகள் வற்புறுத்தியதன் பேரில் 1947 டிசம்பரில் ஒரு முறை எடுத்துப் பார்த்தார்கள். விலை மளமளவென்று ஏறியது. ஓராண்டு முடிவதற்குள், 1948 இலையுதிர் காலத்தில் மறுபடியும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு முறை சூடு கண்டபின் அந்தப் பேச்சையே எடுக்க டில்லியில் எல்லாருக்கும் பயம். ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்களும் கட்டுப்பாடு இருக்கட்டும் என்ற பக்கமே நின்றார்கள்.

பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

கித்வாய் அந்த 1947 அனுபவத்தை வேறு விதமாகப் பார்த்தார். அன்று சர்க்கார் கையில் தானியம் இல்லை. கையில் சரக்கு இல்லாதவன் கதவைத் திறந்துவிட்டால், வியாபாரி சொன்னதுதான் விலை. கிட்டங்கி நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு, விலை ஏறும் இடத்தில் கொட்டுவேன் என்று காட்டினால் வியாபாரி பதுக்கத் துணியமாட்டான் என்பது அவர் கட்சி.

இன்னொன்றும் அவருக்குப் பட்டது. நாட்டில் உள்ளதாகச் சொல்லப்பட்ட பற்றாக்குறையில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டும் இருப்பது. லெவிக்குப் பயந்து குடியானவன் விளைச்சலைக் குறைத்துச் சொல்கிறான். மத்தியத் தொகுப்பில் இருந்து அதிகம் வாங்கலாம் என்று ஒவ்வொரு மாகாணமும் தன் தேவையைக் கூட்டிச் சொல்கிறது. வரவைக் குறைத்து, தேவையைக் கூட்டி எழுதினால் மிஞ்சுவது பஞ்சம்தானே!

பயம் எவ்வளவு தின்னும் என்று குமாஸ்தாவின் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1951ல் இந்தியாவின் ஜனத்தொகை 36 கோடி. குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் ஏழு கோடி குடும்பம். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் குடும்பத்துக்குப் பத்தே கிலோ கூடுதலாக எடுத்து வைத்தால், 7 லட்சம் டன் தானியம் மார்க்கெட்டில் இருந்து காணாமல் போய்விடும். யாரும் திருடவில்லை, பதுக்கல்காரன் என்று ஒருவனையும் பிடிக்க முடியாது. பெரிய மண்டிக்காரர் ஆயிரக்கணக்கில் அடுக்குவது இதற்கு மேலே. அந்தப் பயம் போனால் அத்தனை தானியமும் மண்டிக்குத் திரும்பி வரும்.

முதல் கதவு சென்னையில் திறந்தது

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாகாண முதல் மந்திரியானார். வரிசையாகப் பருவமழை பொய்த்த மாகாணம் அது. ராயலசீமையில் கஞ்சித் தொட்டி வைத்துப் பட்டாளத்தைக் கொண்டு கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்ததற்கு ரேஷன் கடைக் கோபமும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட வறட்சி மாகாணத்தில், இருக்கிற கட்டுப்பாட்டையும் எடுப்பதா என்று எவரும் மிரளுவார்கள். 1952 ஜூனில் ராஜாஜி எடுத்தார். டில்லியில் அவருக்குத் துணையாக நின்றவர் கித்வாய். மத்தியச் சரக்கில் இருந்து தானியம் தருவதாகச் சொல்லித் தைரியம் கொடுத்தார். மாகாணத்துக்கு வெளியே அரிசி போகும் தடை நீடித்தது. உள்ளே லெவியும் ரேஷனும் போயின. சென்னையில் அன்று உணவு இலாகாவையும் நிதி இலாகாவையும் பார்த்துக்கொண்டவர் சி.சுப்பிரமணியம். இந்தப் பெயர் இந்தக் கதையில் பின்னாலும் வரும்.

நெல் வெளியே வந்தது. எங்கே இருந்தது என்று கேட்கும்படி, குதிரிலும் பத்தாயத்திலும் இருந்ததெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்தது. பயந்த அளவுக்கு விலை ஏறவில்லை. டில்லியில் அவநம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு சாட்சி. கித்வாய் அதைக் காட்டியே ஒவ்வொரு மாகாணமாகக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டு போனார். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே உத்தரவு என்று அவர் போடவில்லை. முதலில் கம்பு, சோளம் போன்ற புன்செய்த் தானியங்கள், அப்புறம் கோதுமை, கடைசியில் அரிசி. 1954 ஜூலையில் அரிசிக் கட்டுப்பாடும் நீங்கியது.

சொல்வது சுலபம். அதற்குள்ளே வேகன் கணக்கு இருக்கிறது. வடக்கே இருந்து அகலப் பாதையில் வந்த மூட்டையை, மீட்டர் பாதை தொடங்கும் ஜங்ஷனில் இறக்கி, தலைச் சுமையாகக் கொண்டுபோய் வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அங்கே நாலு நாள் தேங்கினால் கடைசி ஸ்டேஷனில் விலை ஏறிவிடும். சரக்கு இருந்தால் மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டும். உணவு மந்திரியின் வேலையில் பாதி கூட்ஸ் வண்டியில்தான் நடக்கிறது.

சரக்குக் கையிருப்பை அவர் விடவே இல்லை. இங்கே நல்ல விளைச்சல் கண்ட பிறகும், 1954ல் பர்மாவிடம் சுமார் 9 லட்சம் டன் அரிசியைத் தவணை தவணையாக வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. விளைந்திருக்கும்போது எதற்கு அரிசி வாங்குகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கட்டுப்பாடு இல்லாத நாளில்தான் கையிருப்பு அதிகம் வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

மழையும் மந்திரியும்

அதிர்ஷ்டக்காரர் என்று அவரைச் சொன்னவர்கள் அன்றும் உண்டு, பிறகும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1950-51ல் நாட்டின் தானிய விளைச்சல் சுமார் 5 கோடியே 8 லட்சம் டன். 1953-54ல் அது ஏறக்குறைய 6 கோடியே 98 லட்சம் டன். மூன்று ஆண்டில் இவ்வளவு கூடியதற்கு முதல் காரணம் மழை. எந்த மந்திரியும் மழை பெய்விக்க முடியாது.

ஆனாலும் மழை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. சிந்திரி உரத் தொழிற்சாலை 1951ல் உற்பத்தி தொடங்கியிருந்தது. 1953ல் ஜப்பானிய முறை நெல் சாகுபடியை நாடு முழுவதும் பரப்பும் இயக்கத்தை அவருடைய இலாகா தொடங்கியது. விவசாய மந்திரி பஞ்சாப்ராவ் தேஷ்முக் அதில் முன்னின்றார். நல்ல விதையைக் கொஞ்சமாக நாற்றங்காலில் விட்டு, கயிறு பிடித்து வரிசையில் நட்டு, நடுவே களைக் கருவி ஓட்டி, தொழு உரமும் அமோனியம் சல்பேட்டும் போடுவது அந்த முறை. இங்கே மும்பைக்குப் பக்கத்தில், போரிவிலி கோரா கேந்திரத்தில்தான் இதைச் செய்துகாட்டிப் பழக்கினார்கள் என்பது இன்று போரிவிலி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிற எத்தனை பேருக்குத் தெரியும்!

மழை 1952 ஜூனில் இன்னும் சரியாகவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சென்னையில் கதவைத் திறந்தது நல்ல விளைச்சலைக் கண்ட பிறகு அல்ல, அதற்கு முன்னால்.

தவறும் நடந்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது விலை ஏறி, வெளிநாட்டுச் சர்க்கரையை இறக்குமதி செய்ய நேர்ந்தது. பார்லிமெண்டில் கடுமையாகத் தாக்கினார்கள். கரும்பு விஷயத்தில் அவர் கணக்குப் பிசகியது என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி, கோதுமையில் கையிருப்பை வைத்துக்கொண்டு செய்ததை, கையிருப்பு போதாத சர்க்கரையில் செய்யப் பார்த்தார்.

இறக்குமதி 1952ல் சுமார் 39 லட்சம் டன், 1953ல் 20 லட்சம், 1954ல் 8 லட்சம் என்று இறங்கி வந்தது.

கடனோடு போனவர்

அவருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. 24-10-1954 அன்று டில்லியில் காலமானார். வயது 60. ஒரே மகன் ஏழு வயதிலேயே இறந்துபோயிருந்தான்.

கையில் பணம் தங்காத மனிதர். கேட்டு வந்தவன் எந்தக் கட்சி, எந்த மதம் என்று பார்க்காமல் கொடுப்பார். கையில் இல்லாவிட்டால் கடன் வாங்கிக் கொடுப்பார். சர்க்காரின் கிட்டங்கியை நிரப்பியவர், சொந்தத்தில் விட்டுப்போனது மசௌலியில் ஒரு பழைய வீடும் கடனும்தான். அந்தக் கிராமத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 1956ல் அவர் பெயரில் விஞ்ஞானிகளுக்குப் பரிசு ஏற்படுத்தியது.

அவர் போனபின் நடந்ததும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். 1955ல் தானிய விலை இறங்கிக்கொண்டே போய்க் குடியானவன் அழும் நிலை வந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்கச் சர்க்கார் வாங்க வேண்டியிருந்தது. நிரந்தரமாக நின்று வாங்குவதற்கு ஒரு ஸ்தாபனம் இல்லை. கித்வாயும் அப்படி ஒன்றை ஏற்படுத்தவில்லை. அவரிடம் இருந்தது சொந்த சாமர்த்தியம், அது அவரோடு போயிற்று. விளைந்த காலத்தில் வாங்கிச் சேர்க்காததால், 1956ல் விலை திரும்பி ஏறியபோது கையில் போதிய சரக்கு இல்லை. அந்த ஆகஸ்டில் அமெரிக்காவோடு பி.எல்.480 கோதுமை ஒப்பந்தம். 1957ல் மண்டலம் பிரித்து மறுபடியும் தானியப் போக்குவரத்துக்கு வேலி. ரேஷன் கடையும் திரும்பி வந்தது.

சென்னையில் 1952ல் ராஜாஜிக்குக் கீழே ரேஷனை எடுத்த சி.சுப்பிரமணியம், 1964ல் மத்திய உணவு மந்திரியானார். சந்தை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் சர்க்காருக்கென்று வாங்கவும், சேர்த்து வைக்கவும், வேகனில் ஏற்றி அனுப்பவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று இந்திய உணவுக் கழகத்தை ஏற்படுத்தினார். 1965 ஜனவரி 14ல், பொங்கலை ஒட்டி, அதன் முதல் ஜில்லா ஆபீஸ் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.